கூரை ஒழுகும்போது பரிபாலன சபை எதைப் பார்க்க வேண்டும்?

ஹட்டன் பக்கத்து நகரமொன்றிலுள்ள பழைய அங்கிலிக்கன் ஆலயத்தின் பரிபாலன சபைக்குப் புதிதாகச் செயலாளராகத் தெரிவான தம்பியொருவர் எனக்கு எழுதியிருக்கிறார். நூறாண்டு கடந்த ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது, இரண்டு வருடங்களாகச் சபைக் கூட்டங்களில் கூரையைத் தவிர வேறு பேச்சில்லை, ஞாயிறு பாடசாலை விறாந்தையில் நடக்கிறது, தேயிலைத் தோட்டத்துச் சபையார் "எங்கள் சந்தா டவுன் கோயிலின் தகரத்துக்கா?" என்று கேட்கிறார்கள், வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் பெற்றோரின் நினைவாக முகப்பு மண்டபம் கட்டித் தர முன்வந்திருக்கிறார். சபைக்கு உண்மையில் என்ன அதிகாரம் உண்டு, எங்கிருந்து தொடங்குவது என்பது அவர் கேள்வி. டிக்கோயாப் பக்கத்திலும் பின்னர் ஊவாவிலுமாக நெடுங்காலம் பொருளாளராகவும், ஆலய உடைமைகளுக்குப் பொறுப்பான வார்டனாகவும் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உங்கள் சிக்கலுக்குப் பணத் தட்டுப்பாட்டை மட்டும் காரணமாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பரிபாலன சபை தன்னையறியாமலே கட்டடக் குழுவாகிவிட்டது. வருடாந்தப் பொதுக் கூட்டம் உங்களைத் தெரிவுசெய்தது ஆராதனை, நோயாளிகளைச் சந்தித்தல், பிள்ளைகளின் வேதபாடம், ஏழைகளுக்கான நிதி, கல்லறைத் தோட்டம், குருமனை, தோட்டத்துச் சிற்றாலயங்கள் ஆகிய எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதற்கு. கூரை அவற்றுள் ஒன்று. ஆகவே அடுத்த கூட்டத்திலேயே ஐந்து பேர் கொண்ட கட்டட உபகுழுவொன்றை நியமியுங்கள். அவர்களில் இருவராவது தோட்டத்திலிருந்து வரட்டும். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மேசன் வேலையோ தச்சு வேலையோ தெரிந்த ஒருவர், அவர் சபை அங்கத்தவராக இல்லாவிட்டாலும், அதில் இருந்தே ஆக வேண்டும். குழு எவ்வளவு தொகைவரை தானே செலவிடலாம், எதற்குமேல் சபையின் தீர்மானம் தேவை என்பதை எழுத்தில் வையுங்கள். மாதாந்தக் கூட்டத்தில் அவர்களின் அறிக்கைக்குக் கால் மணி நேரம் போதும், அதையும் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் இருட்டும்வரை அதைத்தான் பேசுவோம், பேசியிருக்கிறோம்.

அதிகாரத்தைப் பற்றிச் சொல்வதானால், அங்கிலிக்கன் ஒழுங்கில் சபையின் தலைமை குருவானவருடையது. இரண்டு வார்டன்களில் ஒருவரைக் குருவானவர் நியமிப்பதும் மற்றவரைச் சபையார் தெரிவதும் பழைய வழக்கம். ஆலயத்தின் உடைமைகளுக்கும் அன்றாடப் பராமரிப்புக்கும் பொறுப்பு வார்டன்களுடையது. பணத்தைச் செலவிடும் தீர்மானம் சபையினுடையது. ஆனால் கட்டடத்தின் உருவத்தை மாற்றுவதென்றால், அதாவது சுவரை இடிப்பது, பீடத்தை நகர்த்துவது, நினைவுக் கல் பதிப்பது, மண்டபம் சேர்ப்பது போன்றவற்றுக்கு, பேராயரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் கை வைக்காதீர்கள். ஹட்டனும் நுவரெலியாவும் பதுளையும் கொழும்பு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை; கண்டியும் மாத்தளையும் 1950ஆம் ஆண்டில் உருவான குருநாகல் மறைமாவட்டத்தில் அடங்கும். கண்டியில் இருக்கும் நண்பர் "எங்களிடம் இப்படித்தான்" என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு உங்கள் மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்க நண்பர்கள் சொல்வதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனெனில் அவர்களின் ஒழுங்கு வேறு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு கட்டாயம் இருக்க வேண்டும். அருட்பணிச் சபையோ ஆயர் விரும்பினால் அமைப்பது, அதற்கும் ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு. முடிவெடுப்பவர் பங்குத்தந்தை. உங்கள் சபையில் ஒருவர் "ஃபாதர் சொன்னால் முடிந்தது" என்றோ, இன்னொருவர் "சபை தீர்மானித்தால் குருவானவருக்கு என்ன?" என்றோ பேசினால், இருவருமே வேறெங்கோ கண்ட ஒழுங்கை இங்கே கொண்டுவருகிறார்கள்.

நிலத்தின் கதை மலையகத்துக்கே உரிய சிக்கல். நகரத்து ஆலயத்துக்கு உறுதி இருக்கலாம். தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் பெரும்பாலும் இராது. தோட்டத்தை நடத்திய துரை ஒருவர் காணித் துண்டொன்றை வாய்ச்சொல்லில் கொடுத்திருப்பார். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. நிலம் இன்றும் அரசினுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர். ஆகவே சிற்றாலயத்தின் சுவரைப் பெரிதாக்க நினைத்தால், தோட்ட முகாமையாளரின் "சரி" போதாது. குத்தகைக் கம்பனியின் கடிதமும் நிலத்துக்குரிய அரச நிறுவனத்தின் சம்மதமும் தேவைப்படும். அது கிடைக்க வருடங்கள் ஆகலாம். பழுதுபார்ப்பதை அதற்காக நிறுத்தாதீர்கள். புதிதாகக் கட்டுவதை மட்டும் நிறுத்திவையுங்கள். புதிய வழிபாட்டிடம் என்று கருதப்படக்கூடிய எதற்கும் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி சமய விவகாரத்துக்குப் பொறுப்பான அமைச்சின் அனுமதியும் கேட்கப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதேச சபையின் கட்டட அனுமதி இவற்றுக்கு மேலதிகம். ஆலயம் தொல்பொருள் திணைக்களத்தால் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள். அப்படியானால் ஒரு கல்லைக்கூட அவர்களைக் கேட்காமல் எடுக்க முடியாது.

இனிக் கூரை. அதைக் காய்ந்த நாளில் பார்த்து மதிப்பீடு கொடுப்பவரை நம்பாதீர்கள். கொட்டும் மழையில் உள்ளே நின்று பார்க்க வேண்டும். நீர் சொட்டும் இடமும் நீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே நுழைந்த நீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு பத்தடி ஓடி வந்து பீடத்தின் மேல் விழும். அந்த இடத்துத் தகரத்தை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். நான் கண்ட பழைய ஆலயங்களில் குற்றவாளி பெரும்பாலும் தகரம் இல்லை. இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்துப் பீலி, மணிக்கூண்டுச் சுவரைக் கூரை தொடும் விளிம்பு, துருப்பிடித்த ஆணித் துவாரம், சவுக்கு மரத்து இலை அடைத்த பீலி ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை பீலியைத் துப்புரவாக்க ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்திருந்தால், பல ஆலயங்கள் இலட்சக் கணக்கில் பணம் திரட்ட வேண்டி வந்திராது.

சுவர் விஷயத்தில் என் சொந்தத் தவறொன்றைச் சொல்ல வேண்டும். நான் பொருளாளராக இருந்த ஆலயத்தின் கருங்கற் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டது. உட்பக்கம் ஈரம் படர்ந்து பார்க்க அசிங்கமாக இருந்ததால், சீமெந்து பூசி நல்ல பளபளக்கும் வர்ணம் அடித்தோம். அந்த வருட நத்தாருக்கு ஆலயம் புதுப் பெண் மாதிரி இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் பூச்சு கொப்பளித்துப் பாளம்பாளமாக விழுந்தது. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விடும்; சீமெந்து அதை அடைத்து வைக்கும், அடைபட்ட ஈரம் மரச் சட்டங்களையும் சேர்த்துத் தின்னும். பழைய மேசன் பாஸ் ஒருவர் அப்போதே எச்சரித்தார். அவரிடம் சான்றிதழ் இல்லை என்று நாங்கள் கேட்கவில்லை. ஈரத்துக்கு மருந்து பூச்சில் இல்லை. சுவரைச் சுற்றி மண்ணைத் தாழ்த்தி வாய்க்கால் வெட்டி, மழைநீர் அடித்தளத்தில் தேங்காமல் ஓடச் செய்வதில் இருக்கிறது. இந்த வேலைக்குக் காசு குறைவு, மண்வெட்டி போதும்.

காலத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, ஆனால் மலையகத்தில் பாதி நட்டம் அதில்தான். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் தென்மேல் பருவமழையை நேரே வாங்கும் சரிவுகள். மே முதல் செப்டெம்பர்வரை அங்கே கூரையைத் திறப்பது பைத்தியக்காரத்தனம். ஜனவரி முதல் மார்ச்வரைதான் உங்களுக்குக் கிடைக்கும் காய்ந்த காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இது தலைகீழ்: வடகீழ் மழை டிசம்பரிலும் ஜனவரியிலும் அங்கே விழும், ஜூன் முதல் ஆகஸ்ட்வரை வறட்சி, ஆனால் தகரத்தைப் பிய்க்கும் காற்று. டிக்கோயாப் பக்கத்தில் நாங்கள் ஒருமுறை மே மாதத்தில் கூரையைத் திறந்தோம். காரணம் எளிது: பணம் சித்திரையில்தான் சேர்ந்தது. படங்கு கட்டிய ஆலயத்தில் ஆறு வாரம் ஆராதனை நடந்தது. ஓகன் வாத்தியம் அதோடு ஊமையானது.

பணம் ஏன் சித்திரையில் சேர்ந்தது என்பதையும் கவனியுங்கள். கூரையைத் திறக்க ஏற்ற அந்த ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் மேற்குச் சரிவுத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும், மேலதிகக் கிலோவுக்கான காசும் இராது. தீபாவளிக்கும் நத்தாருக்கும் எடுத்த பண்டிகை முற்பணம் அப்போதுதான் சம்பளத்தில் வெட்டப்படும். பத்தாம் திகதி கையில் வரும் காசு கடைக் கடனுக்கே போதாத நேரத்தில் "கட்டட நிதிக்கு விசேட காணிக்கை" என்று பீடத்திலிருந்து அறிவித்தால், மக்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவார்கள். ஆகவே நிதி திரட்டும் காலத்தையும் வேலைக் காலத்தையும் பிரித்துவிடுங்கள். கொழுந்து பெருகும் சித்திரையில் தொடங்கி, அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு வரும் பணத்தையும் சேர்த்து, கார்த்திகைக்குள் திரட்டி முடியுங்கள். மார்கழியில் விலைமனு, பொருள் கொள்வனவு. தை பிறந்ததும் வேலை. ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமே என்று சபையில் சிலர் முணுமுணுப்பார்கள். அதுவரை ஒழுகும் இடத்துக்குத் தார்த் துணி ஒட்டிச் சமாளிக்கலாம்.

கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கும் இரண்டு கையொப்பமும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மூன்று விலைமனு எடுங்கள், சபை அங்கத்தவரின் உறவினர் ஒருவர் விலை கேட்டிருந்தால் அந்த அங்கத்தவர் தீர்மானத்தின்போது வெளியே இருக்கட்டும், மொத்தத் தொகையில் பத்து வீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை பிடித்து வையுங்கள். கடைசி நிபந்தனையை ஒப்பந்தக்காரர் விரும்பமாட்டார். வேலையில் நம்பிக்கையுள்ளவர் ஒத்துக்கொள்வார்.

தோட்டத்து மக்களின் மனத்தாங்கலுக்கு வருகிறேன். அதை முறுமுறுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. டிக்கோயாவின் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. நுவரெலியாவின் திரித்துவ ஆலயம் 1852. ஹப்புத்தளை அந்திரேயா ஆலயம் 1869. கோப்பிக் காலத்துத் துரைமார் தங்கள் ஞாயிறு ஆராதனைக்காகக் கட்டியவை இவை போன்ற ஆலயங்கள். தமிழ்த் தொழிலாளருக்கான ஊழியம் வேறு வழியாக வந்தது: 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் என்ற அந்தப் பெயரே நம் நிலையைச் சொல்லும். தமிழ்நாட்டுத் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலிலும், காலையில் பெயர் கூப்பிடும் மஸ்டர் களத்திலும் போதித்தார்கள். அவர்கள் சேர்த்த சபையாரின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்தக் கருங்கல் ஆலயங்களைக் காப்பாற்றும் பெரும்பான்மையினர். ஆனால் பரிபாலன சபையில் நகரத்துக் குடும்பங்களின் குரலே இன்னும் உரத்துக் கேட்கிறது. சில இடங்களில் கூட்ட அறிக்கைகூட ஆங்கிலத்தில் எழுதப்பட்டு யாருக்கும் வாசிக்கப்படாமல் அங்கீகரிக்கப்படுகிறது. நீங்கள் செயலாளர், இதை உங்களால் ஒரே மாதத்தில் மாற்ற முடியும்.

நான் இரண்டு விஷயங்களைச் செய்து பார்த்திருக்கிறேன். சபைக் கூட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துச் சிற்றாலயமொன்றில், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் வைத்தோம். நகரத்து அங்கத்தவர்கள் தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் சறுக்கி விழுந்து வந்து சேர்ந்த பிறகு, சிற்றாலயத்து மலசலகூடத்துக்குப் பணம் ஒதுக்கும் பிரேரணை ஒருமனதாக நிறைவேறியது. இரண்டாவது, சிரமதானத்தைக் கணக்கில் எழுதினோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், கல் சுமக்கவும் மண் வெட்டவும் வந்த நாற்பது பேரின் ஒரு நாள் உழைப்பு 54,000 ரூபா காணிக்கை. அதைக் காணிக்கைப் பட்டியலில் நகரத்துக் கடை முதலாளியின் பெயருக்குப் பக்கத்திலேயே, தோட்டத்தின் பெயரில் எழுதி ஆலய வாசலில் ஒட்டினோம். கணக்காய்வாளர் இது பணமில்லையே என்றார். அடிக்குறிப்பாகப் போடுங்கள் என்றோம். அதற்குப் பிறகு "எங்கள் சந்தா" என்ற கேள்வி அந்தத் தொனியில் எழவில்லை.

கட்டடத்தில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், பீடத்துக்கு மேலுள்ள ஒழுக்கை விடப் பதிவறையின் ஒழுக்கை முதலில் அடையுங்கள் என்பேன். அங்கே அலுமாரியில் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. 1948இல் குடியுரிமை பறிபோன ஒரு சமூகத்துக்கு, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பெயர்ப் பட்டியலாகப் பிரிக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு, ஒரு வரிப் பதிவும் சொத்து. 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்குவது. பிறப்புச் சான்றிதழ் எடுக்காத குடும்பங்கள் பலவற்றுக்கு ஞானஸ்நானப் பதிவே பிறந்த காலத்தைக் காட்டும் துணை ஆதாரமாயிற்று. பாட்டியின் பெயரைத் தேடி வரும் பேத்திக்குப் பூஞ்சணம் பிடித்த ஏடொன்றைக் காட்டி நின்ற வார்டன் நான். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. பதிவேடுகளைத் தரையிலிருந்து உயர்த்தி இரும்பு அலுமாரியில் வையுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடங்களில் பாதுகாருங்கள். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியாலேயே நான்கு சனிக்கிழமைகளில் முடித்துவிடுவார்கள்.

அதற்கடுத்தது நிலம். ஆலயம் சரிவில் இருந்தால், பின்புற மண்ணில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றில் எதைக் கண்டாலும், கூரை வேலையை ஒத்திவைத்துவிட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதுங்கள். மண்சரிவு அபாய மாவட்டங்களில் புதிய கட்டுமானத்துக்கு அவர்களின் மதிப்பீடு எப்படியும் தேவை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்ததை ஊவாவில் இருந்த எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அப்படியான இரவில் மக்கள் ஓடி வருவது பாடசாலைக்கும் கோயிலுக்கும்தான். ஆகவே மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கும், யாரையும் கேட்காமல் திறக்கலாமா என்பதற்கு முன்கூட்டியே ஒரு தீர்மானம் இருக்கட்டும். சாதி, சமயம் பாராமல் என்ற சொற்களையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

ஞாயிறு பாடசாலை விறாந்தையில் நடப்பதைப் பற்றி நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டியது இடத்துக்காக இல்லை. இரண்டு வருடக் கூட்டங்களில் ஒருமுறையாவது அதன் ஆசிரியையை அழைத்து என்ன தேவை என்று கேட்டீர்களா என்பதற்காக. குருமனையின் முன்னறை ஞாயிறு காலையில் பெரும்பாலும் சும்மா கிடக்கும். குருவானவரின் மனைவியிடம் முதலில் கேளுங்கள், பிறகு குருவானவரிடம். வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களின் பட்டியலொன்றைச் சபை வைத்திருக்கிறதா என்பதையும் அதே கூட்டத்தில் விசாரியுங்கள். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் விட்டுச் சென்ற அந்த முதியவர்களுக்குத் திருவிருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கடைசித் திகதி எது என்று கேட்டால், சபை சற்று மௌனமாகும்.

கடைசியாக, வெளிநாட்டிலிருக்கும் அன்பரின் முகப்பு மண்டபம். அவர் மனம் நல்ல மனம், அதைப் புண்படுத்தக் கூடாது. ஆனால் கொடை கொடுப்பவர் கட்டடத் திட்டத்தை வகுக்கத் தொடங்கினால், ஒழுகும் கூரைக்குக் கீழே பளிங்கு மண்டபம் நிற்கும். அப்படியொன்றை நான் பார்த்திருக்கிறேன். மண்டபத்துக்குப் பேராயரின் அனுமதியும் பிரதேச சபையின் அனுமதியும் தேவை, பழைய முகப்பை மறைக்கும் எதற்கும் அனுமதி கிடைப்பது கடினம் என்பதை மரியாதையோடு அவருக்கு எழுதுங்கள். அதே கடிதத்தோடு கூரையின் மதிப்பீட்டையும் பதிவறையின் மதிப்பீட்டையும் படங்களோடு அனுப்புங்கள். அவருடைய பெற்றோரின் விவாகப் பதிவு உங்கள் ஏட்டில் இருக்குமானால், அந்தப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து, அந்த ஏடு இருக்கும் அறையைப் பழுதுபார்த்து அவர்கள் பெயரில் சிறு பித்தளைத் தகடொன்று பதிக்க அனுமதி கேட்கச் சபை தயாராக இருக்கிறது என்று எழுதுங்கள். கடிதத்தில் குருவானவரும் இரண்டு வார்டன்களும் கையொப்பமிடட்டும், பணம் கட்டட நிதிக் கணக்குக்கே வரட்டும், தனிப்பட்ட எவருடைய பெயருக்கும் வேண்டாம். அவர் மறுத்தால், பதிவறை வேலையை அடுத்த அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் தொடங்குங்கள்.